காய்கறி, பழம், கீரை: வீணாக்காமல் வைத்துக்கொள்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவினர்கள், பக்கத்து வீட்டார், கூட வேலை பார்ப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் சந்தேகங்கள் இவை. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகர்கின்றன.

1. பறிச்சதுமே காய் செத்துப்போச்சுதானே? அப்புறம் அதுக்குள்ள என்ன நடக்குது?

சாகவில்லை, உயிரோடுதான் இருக்கிறது. செடியிலிருந்து வந்துகொண்டிருந்த தண்ணீரும் உணவும் நின்றுபோயின, அவ்வளவுதான். காய் தொடர்ந்து மூச்சு விடுகிறது. ஆக்சிஜனை இழுத்து, தன்னிடம் சேர்ந்திருக்கும் சர்க்கரையை எரித்து, கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. பறித்த அன்று தித்திக்கும் மக்காச்சோளம் இரண்டே நாளில் சப்பென்று ஆகிவிடுகிறதே, அதன் சர்க்கரையில் ஒரு பகுதி இப்படி எரிந்துபோகிறது, இன்னொரு பகுதி மாவுச்சத்தாக மாறிவிடுகிறது.

சுற்றியுள்ள வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இந்த மூச்சின் வேகம் ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்காகிறது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அரை மணி நேரம் கிடந்த கீரைக்கட்டு வீட்டுக்கு வரும்போதே ஆயுளில் ஒரு பங்கைத் தொலைத்துவிட்டது என்று அர்த்தம். நாம் செய்யக்கூடியது மூன்று வேலைகள்: மூச்சை மெதுவாக்குவது, உள்ளே இருக்கும் நீர் வற்றாமல் பார்ப்பது, மேலே ஈரம் தேங்காமல் பார்ப்பது. கடைசி இரண்டும் ஒன்றை ஒன்று இழுக்கும். நீர் வற்றக்கூடாது என்று மூடினால் ஈரம் தேங்கும், ஈரம் தேங்கக்கூடாது என்று திறந்தால் நீர் வற்றும். இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் அந்த இழுபறியைப் பற்றியதுதான்.

2. நாலு தக்காளி அழுகுறதுக்குப் போயி இவ்வளவு மெனக்கெடணுமா?

மெனக்கெட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின் கணக்குப்படி, 2022-ல் உலகம் முழுக்கக் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வீணான உணவு 105 கோடி டன். அதில் சுமார் 60 சதவீதம் வீடுகளில் போனது. வீடுகளில் மட்டும் சராசரியாக ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ. பெரிய உணவகங்களையும் கடைகளையும் கை நீட்டிக்கொண்டிருக்கிறோம், ஆனால் பெரும்பங்கு நம் அடுப்படியில் இருக்கிறது. அந்தக் காயை விளைவித்த தண்ணீரும் உழைப்பும் அதோடு சேர்ந்தே குப்பைக்குப் போகின்றன.

3. எல்லாத்தையும் ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சுட்டா போதும், இல்லையா?

போதாது. சில காய்களுக்கு ஃபிரிட்ஜே எதிரி. வெப்ப நாடுகளில் தோன்றிய பல காய்கனிகளின் செல் சவ்வுகள் கடும் குளிரில் கெட்டுப்போகும். இதற்குக் குளிர்ச்சேதம் என்று பெயர். வாழைக்கும் சர்க்கரைவள்ளிக்கும் 13 டிகிரிக்குக் கீழே போனாலே ஆகாது. வெள்ளரிக்காய், கத்தரிக்காய் போன்றவற்றுக்கு எல்லை ஏறக்குறைய 10 டிகிரி. வீட்டு ஃபிரிட்ஜ் ஓடுவதோ 4 டிகிரியில்.

சேதம் உடனே தெரியாது என்பதுதான் சிக்கல். வெள்ளரிக்காய் முதல் இரண்டு நாள் நன்றாகவே இருக்கும். அப்புறம் தோலில் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழும், ஒரு பக்கம் நீர்கோத்த மாதிரி கண்ணாடியாகும், வெளியே எடுத்த சில மணி நேரத்தில் கொழகொழத்துவிடும். கத்தரிக்காயின் விதைகள் பழுப்பாவதும் இதனால்தான். அதனால் இவற்றை ஃபிரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும் என்றால் குளிர் குறைவாக இருக்கும் மேல்தட்டிலோ கதவுப் பக்கத்திலோ வைத்து, இரண்டு மூன்று நாளில் சமைத்துவிடுங்கள். வீட்டுக்குள் அனல் அடிக்கும் நாட்களில் வெளியில் விடுவதைவிட இதுவே மேல்.

4. சரி, எது உள்ளே, எது வெளியே? நேரா சொல்லுங்க.

வெளியே, காற்றோட்டமாக, வெயில் படாமல்: வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, முழுப் பூசணி, முழுத் தர்பூசணி, வாழை. பழுக்கும் வரை மட்டும் வெளியே, பழுத்த பிறகு உள்ளே: மாம்பழம், பப்பாளி, கொய்யா, வெண்ணெய்ப்பழம், பேரிக்காய். தக்காளியும் கிட்டத்தட்ட இந்த வரிசைதான், அதற்குத் தனியாக ஒரு கேள்வி பின்னால் வருகிறது.

வாங்கியதும் உள்ளே: கீரை வகைகள் எல்லாம், கொத்தமல்லி, புதினா, கேரட், பீட்ரூட், முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பிராக்கோலி, பீன்ஸ், பச்சைப் பட்டாணி, பச்சை மிளகாய், காளான், திராட்சை, ஸ்ட்ராபெர்ரி. எலுமிச்சை வெளியிலும் இருக்கும், ஆனால் ஒரு வாரத்தில் தோல் இறுகிக் கல்லாகிவிடும். மூடிய டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் பல வாரம் சாறு வற்றாமல் இருக்கும்.

5. ஃபிரிட்ஜுக்குக் கீழே இருக்குற டிராயர்ல ஒரு சின்ன தள்ளு பட்டன் இருக்கே, அது எதுக்கு?

அது காற்று வழி. மூடினால் உள்ளே ஈரப்பதம் தங்கும், திறந்தால் ஈரமும் பழங்கள் விடும் வாயுவும் வெளியேறும். வாடக்கூடிய கீரை, கேரட், பீன்ஸ் இவை மூடிய டிராயருக்கு. ஆப்பிள், பேரிக்காய், பழுத்த பழங்கள் திறந்த டிராயருக்கு. ஒரே டிராயர்தான் இருக்கிறது என்றால் அதைக் காய்க்கும் கீரைக்கும் விட்டுவிட்டு, பழங்களை மேலே தட்டில் வையுங்கள்.

6. பழத்தையும் காயையும் ஏன் பிரிச்சு வைக்கச் சொல்றாங்க? ஒன்னு கெட்டா பக்கத்துல இருக்குறதும் ஏன் கெடுது?

பழங்கள் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளியே விடுகின்றன. அதற்கு நிறமில்லை, வீட்டில் இருக்கும் அளவில் மணமும் தெரியாது. ஆனால் பக்கத்தில் இருக்கும் காய்களுக்கு அது 'பழு, முதிர், உதிர்' என்று வரும் செய்தி. இதைக் கண்டுபிடித்த கதையே சுவையானது. 1901-ல் ரஷ்யாவில் திமித்ரி நெல்யுபோவ் என்ற தாவரவியலாளர் தன் ஆய்வகத்தில் பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்வதைக் கவனித்தார். விளக்கு எரிக்கப் பயன்பட்ட வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் காரணம் என்று காட்டினார். பழமே இந்த வாயுவை உண்டாக்குகிறது என்பதை 1934-ல் ரிச்சர்ட் கேன் நிரூபித்தார். அவர் ஆராய்ந்தது ஆப்பிளை.

அதிகம் விடுபவை ஆப்பிள், பழுத்த வாழை, பேரிக்காய், பப்பாளி, வெண்ணெய்ப்பழம். இவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் வெள்ளரியும் பிராக்கோலியும் மஞ்சளாகும், கீரையின் இலைகள் புள்ளி விழுந்து உதிரும், கேரட் கசக்கும். கேரட் கசக்கிறது, விதை சரியில்லை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். டிராயரைத் திறந்து பாருங்கள், பக்கத்தில் ஓர் ஆப்பிள் இருக்கக்கூடும்.

அடிபட்ட பழம் இந்த வாயுவை இன்னும் கூடுதலாக விடும். அதோடு, அழுகலை உண்டாக்கும் பூஞ்சையும் தொட்டுக்கொண்டிருக்கும் பழத்துக்கு நேராகவே தாவும். எனவே ஒன்று கெட்டால் அதை அன்றே எடுத்துவிட்டு, அதைத் தொட்டிருந்தவற்றைத் துடைத்து முதலில் சாப்பிட்டுவிடுங்கள்.

7. வெங்காயமும் உருளைக்கிழங்கும் காலங்காலமா ஒரே கூடையிலதான் கிடக்கு. அதுல என்ன தப்பு?

இரண்டுக்கும் இருட்டும் காற்றும் வேண்டும், அதனால் ஒரே குணம் போலத் தெரிகிறது. ஆனால் ஈரத்தில் இரண்டும் எதிரெதிர். உருளைக்கிழங்கு ஈரக்காற்றில் நன்றாக இருக்கும், தன் பங்குக்கு ஈரத்தையும் விடும். வெங்காயத்துக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதமுள்ள உலர்ந்த காற்று வேண்டும். சேர்த்துப் போட்டால் வெங்காயம் அந்த ஈரத்தை வாங்கி, கழுத்துப் பக்கம் கறுத்து முளைவிட ஆரம்பிக்கும். தனித்தனிக் கூடை, நடுவில் கொஞ்சம் இடைவெளி, அது போதும். பாலிதீன் பையோடு மட்டும் இரண்டையும் வைக்காதீர்கள்.

பூண்டும் வெங்காயத்தின் கட்சிதான். முழுப் பூண்டை ஃபிரிட்ஜில் வைத்து வெளியே எடுத்தால் சீக்கிரம் முளைத்துவிடும். குளிர் அதற்கு 'முளைக்கும் காலம் வந்துவிட்டது' என்று சொல்லிவிடுகிறது.

8. கொத்தமல்லி ரெண்டு நாள் தாண்ட மாட்டேங்குது. என்னதான் செய்றது?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருவது. அதனால் ஒரு கட்டை எடுத்துக் கடைசிவரை சொல்லிவிடுகிறேன்.

கட்டைப் பிரியுங்கள். முதலில் ரப்பர் வளையத்தை எடுத்துவிடுங்கள், அது இறுக்கிய இடத்தில் தண்டுகள் நசுங்கி ஏற்கெனவே கரும்பச்சையாகி இருக்கும். நடுவில் விரலை விட்டால் கட்டு வெதுவெதுப்பாக இருப்பது தெரியும். முதல் பதிலில் சொன்ன மூச்சின் வெப்பம்தான் அது. ஒரு துணியில் பரப்பி, மஞ்சள் இலை, நசுங்கிய தண்டு, வழுவழுப்பான இலை எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். ஒரே ஓர் அழுகிய இலையை விட்டாலும் இரண்டு நாளில் டப்பா முழுக்க நாறும். இலை ஈரமாக இருந்தால் மின்விசிறிக் காற்றில் கால் மணி நேரம் விடுங்கள். மேல் ஈரம் போனால் போதும், இலை துவளும் வரை விட வேண்டாம்.

அப்புறம் மூடியுள்ள ஒரு டப்பாவின் அடியில் உலர்ந்த பருத்தித் துணியை விரித்து, கொத்தமல்லியை அழுத்தாமல் அடுக்கி, மேலேயும் ஒரு துணி போட்டு மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். டப்பா இலையின் நீரைக் காக்கும், துணி தேங்கும் ஈரத்தைக் குடிக்கும். முதல் பதிலில் சொன்ன இழுபறி இப்படித்தான் தீர்கிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை துணியைத் தொட்டுப் பாருங்கள், நனைந்திருந்தால் மாற்றுங்கள். இப்படி வைத்தால் பத்து நாள் தாராளமாக நிற்கிறது. வேரோடு இருக்கும் கட்டு என்றால் பூங்கொத்து மாதிரி ஒரு டம்ளர் தண்ணீரில் வேர்ப்பக்கம் மட்டும் முழுகும்படி நிறுத்தி, மேலே ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஃபிரிட்ஜில் வைக்கலாம், தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புதினாவுக்கும் மற்றக் கீரைகளுக்கும் இதே முறைதான்.

9. துணிக்குப் பதிலா செய்தித்தாள்ல சுத்தலாமா?

வேண்டாம். ஈரம் பட்டால் அச்சு மை காயில் ஒட்டும், அது சாப்பிடுவதற்கான பொருளில்லை. அச்சில்லாத வெள்ளைத்தாளோ பழைய பருத்தி வேட்டித் துண்டோ எடுத்துக்கொள்ளுங்கள். துணியைத் துவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதால் எனக்குத் துணிதான் பிடிக்கும்.

10. வாங்கிட்டு வந்ததுமே கழுவி வெச்சுடறேன், சுத்தமா இருக்கட்டுமேன்னு. சரிதானே?

நல்ல எண்ணம்தான், ஆனால் கழுவிய ஈரம் பூஞ்சைக்குத் தீனி. திராட்சை, ஸ்ட்ராபெர்ரி, காளான் இவற்றைச் சாப்பிடும் நேரத்தில் மட்டும் கழுவுங்கள். திராட்சையின் மேல் வெள்ளைப் பூச்சு மாதிரி தெரிவது அதன் இயற்கையான மெழுகு, அது இருக்கும் வரை பழத்துக்குக் காவல். உருளை, வெங்காயம் இவற்றின் மண்ணைக் கையால் தட்டிவிட்டால் போதும்.

வேலைக்குப் போகிறவர்கள் வாரக்கடைசியில் கழுவி வைத்துக்கொள்ள விரும்புவது புரிகிறது. அப்படியானால் நன்றாக உலர்த்துங்கள், அரைகுறை ஈரம்தான் ஆகாது. சோப்போ பாத்திரம் துலக்கும் திரவமோ வேண்டவே வேண்டாம். காய்கனித் தோல் நுண்துளைகள் கொண்டது, அது உள்ளே போய்விடும். ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் போதும்.

11. கேரட் ரப்பர் மாதிரி வளையுது, கீரை துவண்டுடுச்சு. தூக்கிப் போட்டுடலாமா?

போடாதீர்கள். வாடுவதும் அழுகுவதும் வேறு வேறு. வாடியது நீர் இழந்தது மட்டுமே. கேரட்டின் இரு முனையையும் சீவிவிட்டு, ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த குளிர்ந்த தண்ணீரில் போட்டு வையுங்கள். செல்கள் தண்ணீரை உறிஞ்சி மறுபடி விறைக்கும். கீரைக்கு அரை மணி நேரம், கேரட், முள்ளங்கிக்கு சில மணி நேரம். முறித்தால் 'படக்' என்று சத்தம் வரும் அளவுக்குத் திரும்பிவிடும். வழுவழுப்பும் கெட்ட வாடையும் வந்துவிட்டால்தான் திரும்பாது.

கேரட், முள்ளங்கி, பீட்ரூட்டை இலையோடு வாங்கினால் வந்ததும் இலையை வெட்டித் தனியாக வையுங்கள். விட்டுவிட்டால் இலை கிழங்கின் நீரையே இழுத்துக் குடித்துக்கொண்டிருக்கும்.

12. தக்காளியை ஃபிரிட்ஜுல வைக்கக்கூடாதுங்கிறாங்க. வைக்கலைன்னா அழுகிடுது. எதை நம்புறது?

இரண்டிலும் உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 5 டிகிரியில் ஏழு நாள் வைத்த தக்காளி தன் மணத்துக்கு வேண்டிய பொருட்களில் கணிசமான பங்கை இழந்திருந்தது. திரும்ப வெளியே வைத்தும் அது முழுதாக வரவில்லை, மணத்தை உண்டாக்கும் மரபணுக்களையே குளிர் அடக்கிவிடுகிறது.

ஆனால் மணம் குறைந்த தக்காளியைச் சமைக்கலாம், அழுகிய தக்காளியை என்ன செய்ய? அதனால் நான் செய்வது: பச்சையாகவோ பாதி சிவந்தோ இருப்பதை வெளியே, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் வைப்பேன். காம்பு இருந்த தழும்பு வழியாகத்தான் நீரும் போகிறது, கிருமியும் நுழைகிறது. நன்றாகச் சிவந்து, விரல் பட்டால் லேசாக அமுங்கும் நிலைக்கு வந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றி மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுவேன். பச்சையாகச் சாப்பிடப்போவதை அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள்.

13. வாழைப்பழம் ஃபிரிட்ஜுல கறுத்துப்போச்சு. கெட்டுடுச்சா?

தோல் மட்டும்தான். மூன்றாவது பதிலில் சொன்ன குளிர்ச்சேதம் தோலில் நடக்கிறது. பழுத்த பிறகு வைத்திருந்தால் உள்ளே சதை நன்றாகவே இருக்கும், உரித்துப் பாருங்கள். காயாக இருக்கும்போது வைத்தால்தான் தவறு, அது அப்புறம் சரியாகப் பழுக்கவே பழுக்காது. கறுத்த புள்ளி நிறைய விழுந்துவிட்டால் உரித்துத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம்.

14. பழுக்காத பழத்தை வாங்கிட்டேன். எல்லாமே வீட்டுல வெச்சா பழுத்துடுமா?

இல்லை, பழங்கள் இரண்டு வகை. மா, வாழை, பப்பாளி, கொய்யா, ஆப்பிள், பேரி, வெண்ணெய்ப்பழம், தக்காளி இவை பறித்த பிறகும் பழுக்கும். திராட்சை, ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை, அன்னாசி, ஸ்ட்ராபெர்ரி, தர்பூசணி இவை பறித்தபோது எப்படியோ அப்படித்தான். புளிக்கும் திராட்சையை எத்தனை நாள் வைத்தாலும் இனிக்காது, சுருங்கத்தான் செய்யும். அவற்றைச் சுவை பார்த்து வாங்குங்கள்.

முதல் வகையைச் சீக்கிரம் பழுக்க வைக்க ஆறாவது பதிலில் சொன்ன எத்திலீனையே வேலை வாங்கலாம். ஒரு காகிதப் பையில் காயோடு பழுத்த வாழைப்பழம் ஒன்றைப் போட்டு வாயை மடித்து வையுங்கள். பாலிதீன் பை வேண்டாம், வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

15. முளைவிட்ட உருளைக்கிழங்கைச் சாப்பிடலாமா? பச்சையா இருக்கே சிலது?

வெளிச்சம் பட்டால் உருளைக்கிழங்கின் தோல் பச்சையாகும். அந்தப் பச்சை வெறும் பச்சையம், அதில் தீங்கில்லை. ஆனால் அதே வெளிச்சத்தில் சோலனின் போன்ற நச்சுப் பொருட்களும் கூடுகின்றன, கசப்பு அதனால்தான். முளையிலும் முளைக்கண்ணிலும் அவை அதிகம். வேகவைத்தாலோ பொரித்தாலோ போகாது.

கிழங்கு கெட்டியாக இருந்து, முளை சின்னதாக, பச்சை ஓர் ஓரத்தில் மட்டும் என்றால் முளையைக் கண்ணோடு தோண்டி எடுத்து, பச்சையைத் தாராளமாகச் சீவிவிட்டுச் சமைக்கலாம். சுருங்கித் தளர்ந்திருந்தால், நீளமாக முளைத்திருந்தால், பச்சை பரவியிருந்தால், வாயில் வைத்துக் கசந்தால் விட்டுவிடுங்கள். நான் வீணாக்காதீர்கள் என்று சொல்பவன்தான், இந்த இடத்தில் மட்டும் மனசு கேட்கவில்லை என்று சமைக்காதீர்கள். முளைத்த வெங்காயத்திலும் பூண்டிலும் இந்தப் பயம் கிடையாது.

16. உருளைக்கிழங்கை ஃபிரிட்ஜுல வெச்சா புற்றுநோய் வரும்னு ஒருத்தர் சொன்னாரே?

அவர் சொன்னதற்கு ஒரு மூலம் இருக்கிறது. குளிரில் உருளைக்கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தச் சர்க்கரை, அதிக வெப்பத்தில் பொரிக்கும்போதும் சுடும்போதும் அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாக உதவும், புற்றுநோய்ச் சந்தேகம் இந்தப் பொருளின் மேல்தான். உணவில் அக்ரிலமைடு உண்டாவதை 2002-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்திய பிறகு ஃபிரிட்ஜ் கூடாது என்ற அறிவுரை பரவியது. பிரிட்டனின் உணவுத் தர முகமையும் அப்படித்தான் சொல்லிவந்தது. பிறகு சான்றுகளை மறுபடி பார்த்து, வீட்டு ஃபிரிட்ஜில் வைப்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை என்று 2023-ல் அறிவுரையை மாற்றிக்கொண்டது, நாள்பட வைக்க ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்றும் சொன்னது.

என் முடிவு இது. குளிர்ந்த இருட்டு மூலை வீட்டில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும், சுவை மாறாது. அனலில் வாரத்துக்குள் முளைத்துவிடுகிறது என்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள், பயப்பட வேண்டாம். பொரிக்கும்போது கருக விடாமல் பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள்.

17. ஒரு பக்கம் பூஞ்சை பிடிச்சிருக்கு. அதை மட்டும் வெட்டிட்டுச் சாப்பிடலாமா?

கெட்டியான காய் என்றால் வெட்டலாம். கேரட், முட்டைக்கோஸ், குடைமிளகாய் போன்றவற்றில் பூஞ்சையின் இழைகள் ஆழமாக எளிதில் இறங்காது. பூஞ்சை தெரியும் இடத்தைச் சுற்றியும் அடியிலும் ஓர் அங்குலம் தள்ளி வெட்டுங்கள், கத்தி பூஞ்சையைத் தொட்டு மற்ற இடத்தில் படாமல். தக்காளி, வெள்ளரி, ஸ்ட்ராபெர்ரி, திராட்சை, பழுத்த மாம்பழம் போல மெதுவானவை என்றால் முழுதாக விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரிவது மேலே வந்த பூ மட்டும், வேர் உள்ளே வெகுதூரம் ஓடியிருக்கும்.

18. வெட்டின வெங்காயத்தை வைக்கவே கூடாது, கிருமியை எல்லாம் இழுத்துக்கும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

வெங்காயம் காற்றில் இருக்கும் கிருமியைக் காந்தம் போல இழுப்பதில்லை. வெட்டிய எந்தக் காயின் ஈரப் பரப்பிலும் கிருமி வளரலாம், வெங்காயத்திலும் அப்படித்தான், அதற்கென்று தனிச் சாபம் கிடையாது. மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து நான்கைந்து நாளில் பயன்படுத்துங்கள். டப்பா இறுக மூடியிருக்கட்டும், இல்லாவிட்டால் பால் வரைக்கும் வெங்காய வாடை ஏறும்.

இந்தச் செய்தியால் மிச்சமான அரை வெங்காயத்தை நாள்தோறும் குப்பையில் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

19. அப்போ காலையிலேயே எல்லாக் காயையும் வெட்டி வெச்சுக்கலாமா?

வெட்டலாம், கணக்கோடு. தோல்தான் காயின் கோட்டை. வெட்டியதும் நீர் வேகமாக வற்றும், மூச்சு கூடும், கிருமிக்கு வழி திறக்கும். வெட்டியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள், 32 டிகிரிக்கு மேல் வெக்கையாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் மூன்று நாள் நிற்கும். வெட்டிய தர்பூசணியும் முலாம்பழமும் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை. அவற்றில் புளிப்பு இல்லாததால் கிருமி எளிதாகப் பெருகும். வெட்டும் முன் மேல்தோலைக் கழுவுங்கள், கத்தி தோலில் இருப்பதை உள்ளே கொண்டுபோய்விடும்.

20. வெண்ணெய்ப்பழத்தைத் தண்ணில போட்டா கறுக்காதாம், பூண்டை எண்ணெய்ல போட்டா மாசக்கணக்கா இருக்குமாம். வீடியோவுல பார்த்தேன்.

இரண்டும் ஆபத்து. வெண்ணெய்ப்பழம் தண்ணீரில் பச்சையாக இருப்பது உண்மைதான். ஆனால் தோலில் லிஸ்டீரியா, சால்மோனெல்லா கிருமிகள் இருந்தால் தண்ணீரில் ஊறும்போது அவை பெருகும், லிஸ்டீரியா சதைக்குள்ளும் இறங்கக்கூடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022-ல் இந்த முறை வேண்டாம் என்று சொன்னது. வெட்டிய பக்கத்தில் எலுமிச்சைச் சாறு தடவி, காற்றுப் புகாமல் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் போதும்.

எண்ணெயில் போட்ட பச்சைப் பூண்டு இன்னும் மோசம். மண்ணில் இருக்கும் போட்டுலினம் கிருமியின் வித்துகள் பூண்டில் ஒட்டியிருக்கலாம். எண்ணெய்க்குள் காற்று இல்லை, புளிப்பும் இல்லை, வெளியே வைத்தால் வெதுவெதுப்பும் கிடைக்கும். அந்தக் கிருமி நஞ்சு சுரக்க இதைவிட வசதி வேண்டாம். நஞ்சு கலந்தது மணத்திலோ சுவையிலோ தெரியாது, உயிரையே எடுக்கக்கூடியது. வீட்டில் செய்தால் ஃபிரிட்ஜில் மட்டும் வைத்து நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள், அதற்கு மேல் வேண்டுமானால் ஃப்ரீசரில் வையுங்கள்.

21. ஃப்ரீசர்ல வெச்ச பீன்ஸ் வைக்கோல் மாதிரி ஆகிடுச்சு. எங்க தப்பு?

கொதிநீரில் முக்கி எடுக்காமல் வைத்திருப்பீர்கள். உறைந்த பிறகும் காயின் நொதிகள் மெதுவாக வேலை செய்து நிறத்தையும் சுவையையும் கெடுக்கும். பீன்ஸை மூன்று நிமிடம், நறுக்கிய கேரட்டையும் கீரையையும் இரண்டு நிமிடம் கொதிக்கும் நீரில் போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றி, நன்றாக வடித்து உலர்த்துங்கள். பிறகு ஒரு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவிட்டு, உறைந்ததும் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டுங்கள். கைப்பிடி கைப்பிடியாக எடுக்க வரும்.

தக்காளி, பச்சை மிளகாய், நறுக்கிய வெங்காயம் இவற்றுக்குக் கொதிநீர் தேவையில்லை. வெள்ளரியும் பச்சை உருளைக்கிழங்கும் ஃப்ரீசருக்கே ஏற்றவை அல்ல. பையில் தேதி எழுதி வையுங்கள், எட்டு மாதத்துக்குள் எடுத்தால் சுவை இருக்கும்.

22. எங்க வீட்டுல ஃபிரிட்ஜே இல்லை. எனக்கு ஏதாவது வழி இருக்கா?

இருக்கிறது. நைஜீரியாவைச் சேர்ந்த ஆசிரியர் முகமது பா அப்பா 1990-களில் பரப்பிய பானைக்குள் பானை முறை மின்சாரமே இல்லாமல் வேலை செய்கிறது. மெருகு பூசாத பெரிய மண்பானைக்குள் சின்ன மண்பானையை வைத்து, இடைவெளியை மணலால் நிரப்பி, மணலை நாளுக்கு இருமுறை நனைக்க வேண்டும். ஈரத்துணியால் மூட வேண்டும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொண்டு போவதால் உள்பானை குளிர்கிறது. அவருடைய சோதனைகளில் மூன்று நாள் இருக்கும் கத்தரிக்காய் 27 நாள் இருந்தது. காற்று உலர்ந்திருந்தால்தான் இது நன்றாக வேலை செய்யும், புழுக்கமான இடங்களில் பலன் குறைவு. மூன்றாவது பதிலில் சொன்ன குளிர் தாங்காத காய்களுக்கு ஃபிரிட்ஜைவிட இதுவே பொருத்தம்.

23. நீங்க சொன்னதெல்லாம் செஞ்சும் வாரம் ஏதோ ஒன்னு அழுகுது. இன்னும் என்ன பாக்கி?

அப்படியானால் வைக்கும் முறையில் இல்லை, எடுக்கும் வரிசையில் இருக்கிறது. வாங்கி வந்த அன்று முதலில் கீரையும் காளானும், அப்புறம் பீன்ஸ், வெண்டை, காலிஃபிளவர், வாரக் கடைசியில் முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட் என்று சமையுங்கள். புதிதாக வந்ததைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் இழுத்து வையுங்கள். ஃபிரிட்ஜை இடைவெளி இல்லாமல் அடைத்தால் குளிர்காற்று சுற்றாது, ஒரு மூலை உறையும், ஒரு மூலை வெதுவெதுப்பாகும். பின்சுவரை ஒட்டிய கீரை உறைந்து கறுப்பதும் இதனால்தான்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, குப்பைக்குப் போகும் ஒவ்வொன்றையும் ஒரு மாதம் எழுதி வாருங்கள். எழுதிப் பார்த்த வீடுகளில் நான் கண்டது, பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அடுத்த தடவை அந்த இரண்டை மட்டும் பாதி அளவு வாங்குங்கள்.